மோட்டார் கொட்டகையில் கிடக்கும் பொட்டலம்

வாசகியின் கடிதம்:

ஐயா, வணக்கம். எங்களுக்குத் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். ஜூனில் பிளஸ் ஒன் உயிரியல் பிரிவில் சேரப்போகிறாள். பள்ளி மாணவர்களுக்கான உயிரித் தொழில்நுட்ப ஆராய்ச்சிப் போட்டிகளில் கலந்துகொள்ள வேண்டும், அமெரிக்காவில் நடக்கும் போட்டி வரை போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். குப்பைமேனிச் சாறு கிருமிகளைக் கொல்கிறதா என்று பார்க்கப்போகிறாளாம். கடையில் கடல்பாசி வாங்கிக் காய்ச்சி, டிபன் பாக்ஸில் ஊற்றி, என் மாமனாரின் காலில் உள்ள சர்க்கரைப் புண்ணைத் துடைத்த பஞ்சை அதில் தேய்த்து, அடுக்களை அலமாரியில் மூடி வைத்திருக்கிறாள். இரண்டே நாளில் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் வந்துவிட்டன. எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்கிடையில் ஒரு பயிற்சி மையத்தினர், 85,000 ரூபாய் கட்டினால் ஆய்வு, அறிக்கை, சான்றிதழ் எல்லாவற்றையும் தாங்களே தயார் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது கட்டிவிடலாமா என்று யோசிக்கிறோம். இதெல்லாம் மருத்துவப் படிப்புக்கு உதவுமா? அவளுக்கு ஆங்கிலமும் சரளமாக வராது. ஆனால் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பாள். போன வாரம்கூட, உளுந்து விதையில் கலக்க வாங்கி மோட்டார் கொட்டகையில் போட்டு வைத்திருந்த ரைசோபியம் என்ற உயிர் உரப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் தகரக் கூரை வெயிலில் உள்ளே இருக்கிற பாக்டீரியா செத்துப்போயிருக்காதா தாத்தா?" என்று கேட்டு அவரிடம் திட்டு வாங்கினாள். எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

மற்ற எதையும் படிப்பதற்கு முன் அந்த டிபன் பாக்ஸைக் கவனியுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். முகர்ந்து பார்க்கவோ, கழுவவோ, குப்பையில் போடவோ வேண்டாம். மூடியின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டி, ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் வையுங்கள். அருகில் உள்ள கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையிலோ மருத்துவமனை ஆய்வகத்திலோ நடந்ததை ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தால், ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கருவியில் வைத்து அழித்துவிடுவார்கள். பாக்ஸ் இருந்த அலமாரியை பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தப் பாக்ஸ் திரும்ப வேண்டாம், போகட்டும்.

ஏன் இவ்வளவு பதற்றம் என்று தோன்றலாம். புண்ணில் இருக்கும் கிருமியும் கடல்பாசியில் வளர்ந்த கிருமியும் ஒன்றுதானே? இனம் ஒன்றுதான், எண்ணிக்கை வேறு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் ஒரே ஒரு பாக்டீரியா, தடையில்லாமல் பெருகினால் 10 மணி நேரத்தில் 107 கோடி ஆகிவிடும். புண்ணில் உடலின் எதிர்ப்பும் மருந்தும் அதைக் கட்டிப்போடுகின்றன. டிபன் பாக்ஸில் தடுப்பதற்கு யாரும் இல்லை. சர்க்கரைப் புண்ணில் மருந்துக்குப் பணியாத பாக்டீரியாக்கள் குடியிருப்பது சாதாரணம். அந்த மூடியைத் திறக்கும் வீட்டில், ஆறாத புண்ணோடு ஒரு பெரியவர் இருக்கிறார் என்பதுதான் என் முதல் கவலை.

மகளைத் திட்டாதீர்கள். தவறு அவளுடையது என்று நான் நினைக்கவில்லை. படத்தில் பார்த்ததைக் கையால் செய்து பார்க்கத் துணிந்தவள் அவள். இதை எங்கே, யார் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. அவள் போக விரும்பும் அமெரிக்கப் போட்டியின் விதிப்புத்தகமே வீட்டில் நுண்ணுயிர் வளர்ப்பதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. மாதிரியை வீட்டிலிருந்து எடுக்கலாம்; ஆனால் உடனே முறையான ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். மனித உடலிலிருந்து எடுத்த மாதிரி என்றால் அதற்குத் தனி அனுமதி, தனிப் படிவம். எவ்வளவு நல்ல முடிவு கிடைத்தாலும் அடுக்களை அலமாரியில் வளர்த்த அந்தப் புள்ளிகள் அங்கே செல்லாது.

இனி 85,000 ரூபாய்க்கு வருகிறேன். கட்டாதீர்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

இருபது ஆண்டுகளாக நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் பள்ளிப் பிள்ளைகளின் ஆய்வுகளுக்கு நடுவராகப் போயிருக்கிறேன். விலைக்கு வாங்கிய ஆய்வை அடையாளம் காண எங்களுக்கு மூன்று நிமிடம் போதும். ஒரு மாணவரின் காட்சிப் பலகையில் மரபணு வரிசை, வண்ண வண்ணமான வரைபடங்கள், முதுகலை மாணவர்கள்கூடத் திணறும் சொற்கள் எல்லாம் இருந்தன. "இதில் உனக்கு எது சரியாக வரவில்லை?" என்று மட்டும் கேட்டேன். எல்லாமே முதல் முறையே சரியாக வந்துவிட்டது என்றான். ஆய்வகத்தில் ஒரு வாரம் நின்றவன் அப்படிச் சொல்ல மாட்டான். அன்று அந்தப் பையனின் முகம் வெளிறியதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் அவன் மேல் வரவில்லை, அவன் தலையில் அந்தப் பலகையைக் கட்டியவர்கள் மேல்தான் வந்தது. மற்றவர் வேலையைத் தன் வேலையாகக் காட்டுவதை இந்தப் போட்டிகள் மோசடி என்றே வகைப்படுத்தியிருக்கின்றன. கண்டுபிடித்தால் தகுதி நீக்கம்.

உதவி வாங்குவது வேறு விஷயம், அது தாராளமாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை செய்த மாணவருக்கு, அங்கே வழிகாட்டியவர் தனிப் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும்: மாணவர் செய்தது எது, நாங்கள் செய்துகொடுத்தது எது என்று அதில் பிரித்து எழுத வேண்டும். மறைக்காத உதவிக்கு அங்கே மதிப்பெண் குறைவதில்லை.

குப்பைமேனி பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூலிகைச் சாறு, அகார் தட்டு (கிருமி வளர்க்கக் கடல்பாசிக் கூழ் ஊற்றிய தட்டு), அதில் சாறு ஊற்றிய குழியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் என்ற இந்த ஆய்வு ஒவ்வொரு கண்காட்சியிலும் பத்துப் பதினைந்தாவது வரும். வேப்பிலை, துளசி, குப்பைமேனி, கற்றாழை என்று இலை மட்டும் மாறும். ஒருமுறை ஒரு மாணவியிடம், சாற்றை எதில் எடுத்தாய் என்று கேட்டேன். எத்தனாலில் என்றாள். வெறும் எத்தனாலை மட்டும் ஒரு குழியில் ஊற்றி வைத்துப் பார்த்தாயா என்றேன். நீண்ட நேரம் தன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனாலே கிருமியைக் கொல்லும். அவள் அளந்த வட்டம் இலையுடையதா, சாராயத்துடையதா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரே ஒரு குழி கூடுதலாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தக் கடைசி வரிகள்தான். தாத்தாவிடம் திட்டு வாங்கித் தந்த அந்தக் கேள்வி. சகோதரி, உங்கள் மகளின் ஆய்வு அதுதான். நீங்கள் பணம் கொடுத்துத் தேடுவது உங்கள் மோட்டார் கொட்டகையில் கிடக்கிறது.

கனடாவில் வாட்டர்லூ நகரத்துப் பள்ளி மாணவர் டேனியல் பர்ட், 2008-ல் அந்த நாட்டுத் தேசிய அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றார். வீட்டு வேலை செய்ய அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் பிளாஸ்டிக் பைகள் தலைமேல் சரிந்து விழுந்தன. அந்த எரிச்சலில் பிறந்தது அவருடைய கேள்வி. குப்பைக் கிடங்கு மண்ணில் எங்கோ பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா இருக்க வேண்டுமே, அதைப் பிரித்தெடுத்தால் என்ன? பையைப் பொடியாக்கி, மண்ணோடு சேர்த்து, மாதக்கணக்கில் வளர்த்துத் தேர்ந்தெடுத்தார். பிறகு பிளாஸ்டிக் துண்டுகளை அந்தப் பாக்டீரியாக் கரைசலில் ஆறு வாரம் போட்டு எடை பார்த்தார். எடை 17 சதவீதம் குறைந்திருந்தது. இனங்களைப் பிரித்து, சூட்டையும் ஊட்டத்தையும் சரிசெய்த பிறகு 43 சதவீதம் வரை போனது. நான் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போது நிறுத்திச் சொல்லும் இடம் வேறு. அவர் இன்னொரு குடுவையும் வைத்திருந்தார். அதில் அதே கரைசல், அதே பிளாஸ்டிக். ஆனால் பாக்டீரியாவைக் கொதிக்கவைத்துக் கொன்றிருந்தார். அந்தத் துண்டின் எடை குறையவில்லை. கரைத்தது தண்ணீரோ உப்போ இல்லை, உயிருள்ள பாக்டீரியாதான் என்று சொல்லும் உரிமையை அந்தக் கொதித்த குடுவைதான் அவருக்குக் கொடுத்தது.

உங்கள் மகளுக்கும் ஒரு கொதித்த குடுவை வேண்டும். இனி வருவதை அவளையே வாசிக்கச் சொல்லுங்கள்.

அம்மா, உன் தாத்தாவின் பொட்டலத்தில் இருப்பது ரைசோபியம். உளுந்தின் வேருக்குள் புகுந்து முடிச்சு கட்டி, காற்றில் இருக்கும் நைட்ரஜனைச் செடிக்குத் தழைச்சத்தாக மாற்றித் தரும் பாக்டீரியா. பொடி வடிவ ரைசோபிய உரத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது அரசின் தரக் கட்டுப்பாடு. 200 கிராம் பொட்டலத்தில் எத்தனை என்று நீயே பெருக்கிக்கொள். வெயில் படாமல் குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று பொட்டலத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆனால் நம் ஊரில் அது எங்கே இருக்கிறது? கடையில் உர மூட்டைமேல், பிறகு தகரக் கொட்டகையில். தையில் நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் வயலில் உளுந்து தெளிக்கும்போது, டெல்டாவில் எத்தனை விவசாயிகள் செத்த பாக்டீரியாவை விதையில் பூசித் தெளிக்கிறார்கள்? உன் கேள்வி அவ்வளவு பெரியது.

தாத்தாவின் பழைய பொட்டலத்தை வைத்து மட்டும் சோதிக்காதே. அது எப்போது தயாரித்தது, எத்தனை கைமாறி வந்தது என்று நமக்குத் தெரியாது. வேளாண் விரிவாக்க மையத்தில் ஒரே தயாரிப்புத் தொகுதி எண்ணும் ஒரே தேதியும் உள்ள மூன்று பொட்டலங்கள் வாங்கு. ஒன்றை வீட்டில் குளிர்ந்த நிழலான இடத்தில் வை. ஒன்றைக் கொட்டகையில், தாத்தா வைத்த அதே இடத்தில் வை. பக்கத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் தினமும் குறித்துக்கொள். அக்னி நட்சத்திரம் முழுவதும் அது அங்கேயே கிடக்கட்டும்.

மூன்றாவதுதான் உன் கொதித்த குடுவை. வீட்டுப் பிரஷர் குக்கர் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். நாங்கள் ஆய்வகத்தில் ஆட்டோகிளேவில் பயன்படுத்தும் சூடும் 121 டிகிரிதான். பொட்டலத்தில் உள்ள பொடியைக் கொஞ்சம் ஈரப்படுத்தி, துணியில் மெல்லிய படலமாகப் பரப்பி மடித்து, பாத்திரத்தில் வைத்து அரை மணி நேரம் வேகவை. மறுநாளும் ஒருமுறை வேகவை. ரைசோபியம் மனிதருக்கு நோய் தருவதில்லை. இருந்தாலும் சமையலுக்கு எடுக்காத பழைய குக்கராக இருக்கட்டும், அம்மாவுக்கும் நிம்மதி.

ஜூனில் விதைப்பு. கருப்பு நாற்றுப் பைகள் நாற்பது. பத்துப் பைக்கு நிழலில் வைத்த புதுப் பொட்டலம், பத்துக்குக் கொட்டகைப் பொட்டலம், பத்துக்கு வேகவைத்தது, பத்துக்கு வெறும் கஞ்சி. ஆம், வெறும் கஞ்சி. ஆறிய அரிசிக் கஞ்சியில் பொடியைக் குழைத்து விதையில் பூசி, நிழலில் அரை மணி உலர்த்துவதுதானே வழக்கம்? அப்படியானால் பாக்டீரியா இல்லாத விதைக்கும் கஞ்சி பூசப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வித்தியாசம் கஞ்சியால் வந்ததா என்று நான் கேட்பேன், உன்னிடம் பதில் இருக்காது. கடை விதையில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கலாம், அது ரைசோபியத்தையும் கொன்றுவிடும். தாத்தா சேமித்து வைத்திருக்கும் விதையைக் கேட்டு வாங்கு.

மண் விஷயத்தில் கவனமாக இரு. உளுந்து போட்டுப் பழகிய வயல் மண்ணில் ரைசோபியம் ஏற்கெனவே இருக்கும். எதுவும் கலக்காத விதையும் முடிச்சு கட்டும். அதனால் முதல் சோதனைக்கு ஆற்று மணலை நன்றாக அலசி, அண்டாவில் தண்ணீரோடு கொதிக்கவைத்துப் பயன்படுத்து. மணலில் செடிக்கு உணவு இருக்காது. தழைச்சத்து மட்டும் சேர்க்காத ஊட்டக் கரைசலை வேளாண் கல்லூரியில் கேட்டால் செய்து தருவார்கள். செடி வாடுகிறதே என்று யாராவது ஒரு பிடி யூரியாவோ சாணமோ போட்டுவிட்டால் சோதனை முடிந்தது. தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு கட்டுவதைக் குறைத்துவிடும். தண்ணீர் ஊற்றும்போது கஞ்சிப் பைகளுக்கும் வேகவைத்த பைகளுக்கும் முதலில் ஊற்று, உயிருள்ள பொட்டலத்துப் பைகளுக்குக் கடைசியில், வேறு குவளையில் ஊற்று. சொட்டுத் தண்ணீர் தெறித்தாலும் பாக்டீரியா இடம் மாறிவிடும்.

முப்பது, முப்பத்தைந்து நாளில், பூ எடுக்கும் சமயத்தில் எண்ணலாம். செடியைப் பிடித்து இழுக்காதே. இழுத்தால் முடிச்சுகள் மணலிலேயே அறுந்து நின்றுவிடும். பையோடு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, அடியில் சல்லடை பிடித்து, மணல் தானாகக் கரைந்து விழும்வரை காத்திரு. வேர் வெள்ளை நூல் கற்றைபோல் விரியும். அதில் கடுகும் கடுகைவிடச் சிறியதுமாக முடிச்சுகள் ஒட்டியிருக்கும். சல்லடையில் விழுந்தவற்றையும் சேர்த்து எண்ணு. பிறகு ஒவ்வொரு செடியிலும் ஐந்து முடிச்சை எடுத்து பிளேடால் இரண்டாக வெட்டிப் பார். உள்ளே சதை இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிற முடிச்சு. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவு. நைட்ரஜனை மாற்றும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, அதை இது பிடித்துவைத்துக்கொள்கிறது. உள்ளே வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருக்கிறது, வேலை நடக்கவில்லை. முதல்முறை வேர்முடிச்சை வெட்டி அந்தச் சிவப்பைப் பார்த்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை. நீ அதைப் புத்தகத்தில் பார்க்காமல் உன் முற்றத்தில் பார்க்கப்போகிறாய்.

இன்னொன்று. எந்தப் பை எது என்று தெரிந்துகொண்டு எண்ணினால், உன்னை அறியாமலே புதுப் பொட்டலத்துச் செடியில் ஒன்றிரண்டு முடிச்சு கூடுதலாக எண்ணிவிடுவாய். எல்லோருக்கும் அப்படித்தான், எனக்கும்தான். வீட்டில் வேறொருவரை விட்டுப் பைகளின் பெயரை மறைத்து எண் ஒட்டச் சொல். எண்ணி முடித்து எழுதிய பிறகு பட்டியலைத் திறந்து பார்.

எல்லாவற்றையும் ஒரே குறிப்பேட்டில், தேதியோடு, பேனாவால் எழுது. அடித்ததைக் கிழிக்காதே. ஆடு புகுந்து நான்கு பையை மேய்ந்தாலும் எழுது. கஞ்சிப் பையில் முடிச்சு வந்தாலும் மறைக்காமல் எழுது. மணல் சரியாகக் கொதிக்கவில்லையா, தண்ணீர் தெறித்ததா என்று தேடு. கொட்டகைப் பொட்டலமும் புதியதைப்போலவே வேலை செய்தால், அதையும் அப்படியே எழுது. தாத்தா சொன்னது சரி என்று அவரிடம் போய்ச் சொல்.

சகோதரி, மறுபடி உங்களிடம் வருகிறேன். எந்தப் போட்டி என்பதற்கு இப்போதுதான் இடம் வந்திருக்கிறது.

முதலில் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993 முதல் நாடு முழுவதும் நடக்கிறது; இங்கே தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திவருகிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கானது. உள்ளூர்ப் பிரச்சினையை எடுத்து, செலவில்லாமல் ஆராய்ந்து, தாய்மொழியிலேயே எழுதி, தாய்மொழியிலேயே பேசலாம். குழுவாகத்தான் செய்ய வேண்டும், ஆகவே ஒரு தோழியைச் சேர்த்துக்கொள்ளட்டும். நாற்பது பைக்குத் தண்ணீர் ஊற்ற இரண்டு பேர் இருந்தால் நல்லதுதான். ஆங்கிலம் வராதே என்ற கவலைக்கு இங்கே இடமே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த மேடை இது. பரிசுத்தொகை பெரிதில்லை, ஆனால் வயலையும் குளத்தையும் பார்த்துக் கேட்ட கேள்விகள் அங்கேதான் வருகின்றன.

அமெரிக்கப் போட்டி, அதாவது ஐசெஃப், 1950-ல் பிலடெல்பியாவில் தொடங்கியது. இப்போது ரீஜெனரான் நிறுவனத்தின் ஆதரவில் ஒவ்வொரு மே மாதமும் நடக்கிறது. 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் வருகிறார்கள். நேரே விண்ணப்பித்துப் போக முடியாது; அதனுடன் இணைந்த உள்நாட்டுக் கண்காட்சியில் தேர்வாக வேண்டும். இந்தியாவில் பல ஆண்டுகளாக அந்த வழி ஐரிஸ் தேசியக் கண்காட்சி. "பணம் கட்டினால் அமெரிக்காவுக்கு நேரடி நுழைவு" என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வரியிலேயே அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் மகளின் உளுந்து ஆய்வு அந்த விதிகளுக்குள் எவ்வளவு சுலபமாகப் பொருந்துகிறது பாருங்கள். நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியாவை அதன் இயல்பான சூழலில் இட்டுச் செய்யும் ஆய்வுக்கு, நுண்ணுயிர் ஆய்வுகளுக்கான முன் அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. பெட்ரி தட்டில், அதாவது ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் வட்டத் தட்டில் வளர்த்தால் அந்த விலக்கு போய்விடும். ஆகவே தட்டே வேண்டாம். செடியே அவளுடைய தட்டு. பொட்டலத்தில் உயிரோடு இருப்பவை எத்தனை என்று அடுத்த கட்டத்தில் எண்ணிப் பார்க்க ஆசைப்பட்டால், அதைக் கல்லூரி ஆய்வகத்தில் மேற்பார்வையோடு செய்யட்டும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆய்வுத் திட்டம் எழுதி, பள்ளி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குவது சோதனை தொடங்குவதற்கு முன்னால் நடக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு பழைய தேதி போட்டு வாங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது பொய்க் கையெழுத்து. அவளுடைய முதல் ஆய்வு அதில் தொடங்க வேண்டாம். பள்ளி திறக்கும்வரை காத்திருக்காமல், பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியரை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

ஐஜெம் என்றொரு போட்டியும் இருக்கிறது. மரபணுவை மாற்றியமைத்து உயிரினங்களைப் புதிதாக வடிவமைக்கும் துறை. பள்ளி மாணவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. இறுதி விழா பாரிஸில். நல்ல போட்டிதான். ஆனால் பதிவுக் கட்டணமே ஓர் அணிக்குப் பல ஆயிரம் டாலர், அதற்குமேல் ஆய்வகச் செலவு. பெரிய நிறுவனத்தின் துணையில்லாமல் இப்போதைக்கு அதை நினைக்க வேண்டாம்.

மருத்துவப் படிப்புக்கு உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். உதவாது. எம்.பி.பி.எஸ். இடம் நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். இந்தச் சான்றிதழுக்கு அதில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இத்தகைய ஆய்வைக் கவனித்துப் பார்ப்பதுண்டு, ஆனால் அதற்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம். இந்த ஆய்வுக்கு விடுமுறையில் ஒரு நாளைக்கு அரை மணி நேரம், எண்ணும் வாரத்தில் சில மணி நேரம் போதும். பிளஸ் ஒன் பாடம் இதனால் கெடாது. பிளஸ் டூ வந்த பிறகு தொடங்கினால் அழுத்தம் கூடும். இப்போதுதான் சரியான சமயம்.

வழிகாட்டி வேண்டுமே என்றால், உங்கள் மாவட்டத்திலேயே நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் பயறு வகைகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உளுந்தையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். மகளே கடிதம் எழுதட்டும். நீங்களோ நானோ எழுதிக் கொடுக்க வேண்டாம். "எனக்கு உதவுங்கள்" என்று பொதுவாக எழுதினால் பதில் வராது. "ஒரே தொகுதிப் பொட்டலத்தை 25 நாள் கொட்டகையில் வைத்திருக்கிறேன், பிற்பகல் வெப்பம் இவ்வளவு, மணலில் சோதிக்கப்போகிறேன், ஊட்டக் கரைசலில் எனக்கு இந்தச் சந்தேகம்" என்று எழுதினால் எந்த விஞ்ஞானியும் நின்று வாசிப்பார். அமெரிக்காவில் 2012-ல் ஐசெஃப்பின் முதல் பரிசு பெற்ற ஜாக் ஆண்ட்ராக்கா, ஆய்வக இடம் கேட்டு ஏறக்குறைய 200 பேருக்கு எழுதினார்; சரி என்றவர் ஒருவர். பதில் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதட்டும்.

போட்டி அரங்குக்குச் செடியையோ மண்ணையோ எடுத்துப்போக முடியாது, ஐசெஃப்பில் அது தடை. ஆகவே வெட்டிய முடிச்சுகளைப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, காலை வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெட்டிய சில நிமிடங்களில் சிவப்பு மங்கத் தொடங்கிவிடும். ஆங்கிலத்துக்கு அங்கேயும் மொழிபெயர்ப்பாளர் உதவி உண்டு, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் மாமனாரின் காலை நல்ல மருத்துவரிடம் காட்டுங்கள். புண்ணில் இருப்பது என்னவென்று தெரிய வேண்டுமானால் ஆய்வகத்தில் முறையாகச் சோதித்து, எந்த மருந்து கேட்கும் என்றும் சொல்லிவிடுவார்கள். அவர் கொஞ்சம் தேறியதும், பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, விதைக்குப் பூசும் கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், ஒரு மரக்கால் உளுந்துக்கு எத்தனை கரண்டி என்று சொல்லித்தரச் சொல்லுங்கள். அந்தக் கைப்பக்குவம் எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், தேதி போட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே அதை அவள் எழுதிக்கொள்ளட்டும்.